வலப்பக்கத்து வசனங்கள்

அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப்போடத் தோன்றியிருக்கும். கிழிப்பதானால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமை பிற்பகல் கோவிலில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. நவம்பர் இரண்டாம் தேதி இறந்தோர் நினைவுத் திருப்பலிக்காக, அப்பா மெட்டமைத்த அந்தத் திருப்பாடல். ஆழத்திலிருந்து ஆண்டவரைக் கூப்பிடுவது. நீ போன பிறகு அதை நாங்கள் எப்படிப் பாடுகிறோம் என்பது உனக்குத் தெரியாது. ஒற்றைப்படை வசனங்கள் இடப்பக்கத்துக்கு, இரட்டைப்படை வலப்பக்கத்துக்கு என்ற பழைய ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. இடப்பக்கத்தை நடத்துபவள் நான், வலப்பக்கத்தை நடத்தியவள் நீ. நீ பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போன அந்த வாரமே அப்பா, "அவ பக்கம் காலியாவே இருக்கட்டும்" என்று சொல்லி, உன் பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் என் பக்கத்துக்கு அழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து முதல் வசனத்தைப் பாடுவோம். இரண்டாவது வசனத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரமும் அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டு சும்மா நிற்போம். பிறகு மூன்றாவது. அடுத்த பக்கத்து வசனத்தை வாயால் தொடக்கூடாது என்பதுதான் அப்பாவின் சட்டமாயிற்றே. அவர் கண்மூடிய பிறகும் நான் அதை மாற்றவில்லை. புதிய பங்குத்தந்தை இது ஏதோ பழைய தியான முறை என்று நினைத்து மறையுரையில் பாராட்டிவிட்டார். நம் வீட்டுச் சண்டை ஊருக்கு வழிபாடாகிவிட்டது, பார்.

சரி, சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். முதல் வசனம் முடிந்து நாங்கள் சும்மா நின்றபோது, காலியான வலப்பக்கப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல், நிதானமாக, தெளிவாகச் சொன்னது: "வௌவால் பறவையல்ல. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும்."

ஆர்கன் வாசிக்கும் தையற்காரர் கையை எடுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் மேலே கூரையைப் பார்த்தார். பஸ் கண்டக்டரம்மா, உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவள், நேராகப் போய்ப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "டிக்கெட் எடுக்காம யாரோ ஏறியிருக்காங்க டீச்சர்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு வகுப்பே சேர்ந்து சத்தமாகப் படித்தாலும், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற தாய் தன் பிள்ளையின் குரலை மட்டும் பிரித்து எடுத்துவிடுவாள். அது மாதிரிதான். அது உன் குரல்.

நீ நலமா? அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய்? அதை மட்டும் எழுது.

அக்கா

*

அக்டோபர் 10

அக்காவுக்கு,

நலம். கிழிக்கவில்லை. வீட்டுக்காரர்தான் பிரித்துக் கையில் கொடுத்தார். "உங்க அக்கா எழுத்து அச்சுல போட்ட மாதிரி இருக்கே, ஏன் இப்படிப் பயமுறுத்துறாங்க?" என்றார்.

இந்த வேலையில் நான் சேர்ந்ததே உனக்குத் தெரியாது. பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளியில் வாசிப்பாளர். பாடம், கதை, கவிதை, வேதாகமம், எது வந்தாலும் உரக்க வாசிப்பது. பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றாலே என் தொண்டைதான். சாயந்தரம் வெந்நீரில் கொப்பளித்து, ஐஸ் தொடாமல், இதைச் சாமி மாதிரிக் காப்பாற்றுகிறேன்.

சனிக்கிழமை அறிவியல் பாடம். வௌவால் பாடம்தான். போதுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. வாய் அசைந்தது, மூச்சு போனது, சத்தம் மட்டும் வரவில்லை. அடுத்த வரியில் தானாகவே வந்துவிட்டது. இடையில் முன்வரிசைப் பெண் ஒருத்தி திடுக்கிட்டு எழுந்து, "டீச்சர், எங்க போயிட்டீங்க?" என்றாள். அவளுக்கு முன்னால் கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சத்தம் இல்லையென்றால் ஆளே இல்லை.

சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். உன் கடிதம் வரும்வரை.

என் பெயரில் ஒரு பக்கத்தைக் காலியாக வைத்து, ஊர் முன்னால் என்னை நிற்க வைத்திருக்கிறீர்கள். அப்பா இறந்ததைத் தபாலில் தெரிவித்தாய். கடிதம் என் கைக்கு வந்தபோது மண் காய்ந்திருக்கும். என் ஃபோன் எண் உன்னிடம் இருந்தது. இதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எழுத ஆரம்பித்திருந்தால், மறக்கவில்லை. இனி ஃபோன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

தங்கை

*

அக்டோபர் 15

என் ஊசிக்கு,

அப்பா வைத்த பட்டப்பெயரில் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எந்தச் சத்தத்துக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிற குரல் என்று அவர் சொல்வார். இவ்வளவு தூரத்தையும் நுழைந்து வந்திருக்கிறதே.

இந்தச் சனிக்கிழமையும் வந்தாய். இரண்டாவது வசனத்தின் இடத்தில் ஒரு கணக்குப் பாடம், முக்கோணத்தைப் பற்றி. நான்காவதில் ஒரு கதை. கிணற்றடியில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை இரண்டு குரலில் வாசித்தாய், அதில் ஒரு கிழவன் பேசும் இடத்தில் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டாய். ஆறாவதில் இருமல். வாய்க்குக் குறுக்கே கையை வைத்து, இரண்டாக உடைத்து இருமுவாயே, அதே இருமல். எட்டாவது வசனத்தில் ஒன்றுமில்லை, பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் மட்டும். கண்டக்டரம்மா அன்று சிரிக்கவில்லை. "டீச்சர், உங்களுக்குப் பயமா இல்லையா? எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் பயத்தால் அல்ல, ஊசி. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்.

இப்படி யோசித்துப் பார். வீட்டை விட்டுப் போனவளின் அறையில் விளக்கு எரிகிறது. யார் ஏற்றினார்கள் என்று முதலில் கேட்போமா, ஓடிப்போய்க் கதவைத் திறப்போமா? நான் திறந்துவிட்டேன். பங்குத்தந்தையிடம் சொல்லி, இந்தத் திருப்பாடலை ஞாயிறு காலைத் திருப்பலியிலும் சேர்த்துவிட்டேன். நடு வாரத்தில் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒருமுறை பாடுகிறோம்.

ஃபோனைப் பற்றிக் கேட்டாய். அன்று எண்ணைச் சுழற்றினேன், நீ எடுத்து "ஹலோ" என்றாய். எனக்குக் குரல் வரவில்லை. வாழ்நாளெல்லாம் வகுப்பில் கத்தியவளுக்கு "அப்பா" என்ற சொல் வரவில்லை. வைத்துவிட்டுக் கடிதம் எழுதினேன். உனக்கு இது போதாது என்று தெரியும்.

அப்பா உன் பக்கத்தைக் காலியாக வைத்தது தண்டிக்க அல்ல. நீ வருவாய் என்றுதான். நான் அவர் பக்கத்தில் நின்றவள், எனக்குத் தெரியும்.

அக்கா

*

அக்டோபர் 20

அக்கா,

உடனே நிறுத்து. ஞாயிறு காலை, நடு வாரம், சனிக்கிழமை, நீ எண்ணிக்கை கூட்டக் கூட்ட இங்கே எனக்குக் குறைகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன குரல் பொழுது சாய்ந்துதான் வந்தது. வந்ததும் மெலிந்திருந்தது. பக்கத்து வீட்டில் பேசுவதைச் சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி எனக்கே என் பேச்சு கேட்கிறது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, ரொம்பக் கத்தாதீங்க" என்றார். வீட்டுக்காரர், "வீட்டுல இவ்வளவு அமைதியா? எந்தச் சாமி குடுத்த வரம்?" என்று முதல் நாள் கேலி செய்தார். இரண்டாம் நாள் கேலி செய்யவில்லை. அவர் எலெக்ட்ரீஷியன். கரண்ட் எங்கேயோ கசிகிறது என்றால் எங்கே என்று தேடாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "அங்கதான் கசியுது" என்றார்.

பள்ளி நிர்வாகி கூப்பிட்டு விசாரித்தார். நல்லவர்தான். ஆனால் குரல் இல்லாத வாசிப்பாளரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முன்வரிசைப் பெண்ணுக்கு மார்ச்சில் பரீட்சை. அவள் பாதிப் புத்தகத்தில் நிற்கிறாள்.

காலியாக வைத்தது காத்திருப்பது என்கிறாய். உன் மாதிரியே நானும் ஓர் உதாரணம் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஒருவருக்குத் தட்டுப் போட்டு வைக்கிறோம். அவரைக் கூப்பிடுவதே இல்லை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்தக் காலித் தட்டைக் காட்டுகிறோம். இதற்கு என்ன பெயர், டீச்சர்?

நீ கூப்பிடவில்லை. இடத்தைத் திறந்து வைத்தாய். என்னை விட்டுவிட்டு என் குரல் மட்டும் அதில் விழுகிறது.

தங்கை

*

அக்டோபர் 26

ஊசி,

உன் கடிதம் கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். தபாலைப் படித்த கையோடு போய் எல்லாரிடமும் சொன்னேன். நேற்றுப் பயிற்சியில் அந்தத் திருப்பாடலைத் தொடவே இல்லை. வேறு பாட்டுகள், இடைவெளி இல்லாதவை. ஒன்றும் கேட்கவில்லை. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இன்று காலைத் திருப்பலியில் நற்கருணை முடிந்து எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருந்தோம். வழக்கமான மௌனம்தான். குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. அப்போது வலப்பக்கத்திலிருந்து, களைத்துப்போன குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி ஒரு பேச்சு: "வாய் அசையுது. சத்தம் வரலைங்க. பாருங்க, சத்தம் வரலை."

கோவில் முழுவதும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத் துணியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பங்குத்தந்தை பீடத்தில் கைகளை விரித்தவர் விரித்தபடியே நின்றார். கடைசிப் பெஞ்சிலிருந்து யாரோ ஒரு பெரியவர், ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, "ஆமென்" என்றார். சபை முழுவதும் அவரோடு சேர்ந்து "ஆமென்" என்றது.

தண்ணீர் ஓடி ஓடி வழி உண்டாகிவிட்டால் பிறகு மடையைத் திறக்க வேண்டாம், தானே வந்துவிடும். அப்படி ஒரு வழியை உண்டாக்கிவிட்டேனோ? இனி எந்த மௌனமும் அதற்குப் போதும் போலிருக்கிறது. கோவிலில் மௌனம் இல்லாமல் எப்படி?

உனக்குக் குரல் திரும்பியதா? ஒரு வரி எழுது. மாப்பிள்ளையை எழுதச் சொன்னாலும் சரி.

அக்கா

*

அக்டோபர் 29

அக்கா,

திரும்பவில்லை. ஞாயிறு காலை அடியோடு போனதுதான். கோவிலில் நீங்கள் கேட்டது சமையலறையில் அவரிடம் நான் சொன்னதுதான், வார்த்தை மாறாமல். அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நீங்கள் அத்தனை பேரும் காதால் கேட்டிருக்கிறீர்கள். இதை நினைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குளிக்கும்போது கதவு திறந்திருந்த மாதிரி.

பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு. அதற்குமேல் தர மாட்டார்கள்.

மூன்று நாளாகப் பேசாமல் இருப்பதில் ஒரு வசதி, யோசிக்க நேரம் கிடைக்கிறது. திருப்பாடலை முழுவதும் எழுதிப் பார்த்தேன். நீயும் எழுதிப் பார். உன் பக்கத்தில் என்ன இருக்கிறது? கூப்பிடுவது உன்னுடையது. குற்றங்களைக் கணக்கு வைத்தால் யார் நிற்க முடியும் என்று கேட்பது உன்னுடையது. காத்திருக்கிறேன் என்பதும் உன்னுடையது. என் பக்கத்தில் இருப்பவை என் குரலைக் கேளும் என்பதும், மன்னிப்பு உம்மிடம் இருக்கிறது என்பதும், விடியலைப் பார்த்திருக்கும் காவலாளியும், கடைசியில் விடுதலையும். இத்தனை வருடமாகக் குற்றக் கணக்கைப் பாடிவிட்டு, மன்னிப்பு வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். மறைக்கல்வி நடத்துகிறவள் நீ, உனக்கு இது ஒருநாளும் உறுத்தவில்லையா?

இடத்தை மூடு, அக்கா. மூடுவதென்றால் பாட்டை விடுவது இல்லை, பாடுவது. என் வசனங்களை நீ பாடு. அப்பாவின் சட்டத்தை நான் தளர்த்துகிறேன். அது என் பக்கம், எனக்கு அந்த உரிமை உண்டு. மெட்டு உனக்குத் தெரியும், பாடினதில்லை, அவ்வளவுதான். இரண்டாவது வசனம் நீ விட்ட இடத்தில் தொடங்காது, ஒரு படி கீழே இறங்கித் தொடங்கும். நான்காவதில் "மன்னிப்பு" என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள், நடுவில் வாங்கினால் உடைந்துவிடும். அப்பா அதற்காக என் தலையில் குட்டியிருக்கிறார். எட்டாவது முடிவில் இழுக்காதே. சொல்லிவிட்டு விட்டுவிடு.

ஞாயிறு நவம்பர் இரண்டு. பாடு.

ஊசி

*

நவம்பர் 3

என் தங்கைக்கு,

பாடினேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை முழுவதும் மனம் வரவில்லை. அந்த இடம் இருக்கும்வரை நீ வருகிறாய். மூடிவிட்டால் வௌவாலும் இல்லை, முக்கோணமும் இல்லை. ஒரு பழைய மாணவியின் பெயரை வருகைப் பதிவில் அடிக்காமலே வைத்திருக்கிற வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வேறு ஊரில் பெரியவளாகிப் பிழைத்துக்கொண்டிருப்பாள், அவர் இங்கே தினமும் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஒரு கணம் நிற்பார். அந்த நிற்பது அவருக்காகத்தான், பிள்ளைக்காக இல்லை.

நேற்றுக் கண்டக்டரம்மாவை இடப்பக்கம் நடத்தச் சொல்லிவிட்டு நான் வலப்பக்கம் போய் நின்றேன். தனியாக. உன் பெஞ்ச் வழவழவென்று இருந்தது, தூசியே இல்லை. யார் துடைக்கிறார்கள் என்று தெரியவில்லை, நான் துடைத்ததில்லை. அவர்கள் முதல் வசனத்தை முடித்தார்கள். நான் ஒரு படி கீழே இறங்கித் தொடங்கினேன். கரகரத்தது, ஆனால் வந்தது. நான்காவதில் மூச்சு வாங்க மறந்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் யாரோ சரியாக அந்த இடத்தில் மூச்சு வாங்கினார்கள். அதைக் கேட்டு நானும் வாங்கிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாவது வசனத்தில் என் சத்தம் எனக்கே சிறுத்துக் கேட்டது. எட்டாவதில் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சரி, கெடுத்துவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் கையைக் குலுக்கினார். "டீச்சர், எல்லாத்தையும் விட அந்தக் கடைசி வசனம்தான். என்னா குரல் உங்களுக்கு! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார். கண்டக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய், "அது நீங்க இல்லையே டீச்சர்" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. நேற்றிலிருந்து இப்படித்தான். பால்காரரிடம் விரலைக் காட்டி வாங்குகிறேன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வயதானவளுக்குப் பேச்சு இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பாடம் நடத்தி முடித்தாயிற்று.

உனக்கு வந்ததா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

அக்கா

*

நவம்பர் 7

அக்கா,

வந்தது. ஆனால் என்னுடையது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் அவரைக் கூப்பிட்டேன். "என்னங்க" என்றேன். கையில் இருந்த கரண்டியை அவர் கீழே போட்டுவிட்டார். "உங்க அக்கா எப்ப வந்தாங்க?" என்று கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உன் குரல் என் வாயில் இருக்கிறது. அந்தக் கனம், ஒவ்வொரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிறுத்துகிற அந்த நிறுத்தம், எல்லாம். நான் அவசரமாகப் பேசினாலும் அது நிதானமாகத்தான் வெளியே வருகிறது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். வணக்கம் சொன்னேன். "எங்க டீச்சர் எங்க?" என்று ஒருவன் கேட்டான். "நான்தான்டா" என்றேன். யாரும் நம்பவில்லை. முன்வரிசைப் பெண் எழுந்து வந்து என் கையைத் தடவினாள், மோதிரத்தைத் தடவினாள், முகத்தைத் தடவினாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கை அவங்க கைதான். ஆள் வேற" என்றாள். நான் வாசித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், புதிதாக வந்த டீச்சரைக் கேட்பது மாதிரி. மணி அடித்ததும் அவள் மெதுவாக, "எங்க டீச்சரைப் பார்த்தா வரச் சொல்லுங்க" என்றாள்.

உனக்கு நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் குரலில் அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பொய் என்று உன் குரலே சொன்னது.

அதனால் வருகிறோம், அவரும் நானும். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை ரயில், பிற்பகல் பயிற்சிக்கு வந்துவிடுவோம். நீ இடப்பக்கம் உன் இடத்தில் நில். நான் எதிரே என் இடத்தில் நிற்பேன். வேறு யாரும் பாட வேண்டாம். தையற்காரரையும் ஆர்கனை மூடிவைக்கச் சொல்.

அங்கே என் குரல் யாருமில்லாத பெஞ்சில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உன்னுடையதை நான் சுமந்துகொண்டு வருகிறேன். எதிரெதிரே நின்று பாடினால் அவரவருக்கு அவரவருடையது கிடைக்குமா, யாருக்கும் எதுவும் இல்லாமல் போகுமா, எனக்குத் தெரியாது. ரயிலில் உன் குரலில் பேச எனக்குப் பயமாக இருக்கும், பேசாமலேதான் வருவேன்.

ஒன்று மட்டும். முதல் வசனம் உன்னுடையது. என்னால் தொடங்க முடியாது, எனக்கு இருப்பதெல்லாம் பதில்தான். சத்தம் வராது என்று நின்றுவிடாதே. வாயைத் திறந்து கூப்பிடு, அக்கா. இந்தத் தடவை கூப்பிடு.

ஊசி